கணக்கருக்குப் பேசத் தெரியாதா? ஒரு முன்முடிவும் அதற்கான விடைகளும்

கணக்கு எழுதுகிறவருக்கு ஆட்களோடு பழகத் தெரியாது என்ற எண்ணம் பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. அவர் பேரேட்டிலிருந்து தலை நிமிராதவர், விருந்து வீட்டிலும் செலவைக் கூட்டிக்கொண்டிருப்பவர், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவர் என்று ஒரு படம் வரையப்பட்டிருக்கிறது. தணிக்கை நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தப் படத்தைப் பரிசோதித்து வருகின்றன.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த காரிமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் 1980 வரை கணக்கு என்றால் ஊர்க் கணக்கரான கர்ணம்தான். எந்த வயல் யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பங்காளிகளுக்குள் வழக்கு, யார் கிஸ்தி என்னும் நிலவரி கட்டவில்லை என்பதெல்லாம் தெரிந்தவர் அவர். கர்ணத்துக்குப் பேசத் தெரியாது என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் குறை சொன்னவர்கள் அரிது. அவர் பேச்சுக்குத்தான் மக்கள் பயந்தார்கள். ஆகவே ஒரே தொழிலைப் பற்றி எதிரெதிரான இரண்டு முன்முடிவுகள் நம்மிடையே உலவுகின்றன. இவை எங்கிருந்து வந்தன, எந்த அளவுக்கு உண்மை என்பதற்குச் சொல்லப்பட்ட முக்கிய விடைகளை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

முதல் விடை: ஆளின் இயல்பு

மிக எளிய விடை, ஒதுங்கிய இயல்புள்ளவர்களே இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள் என்பது. இதற்கு உளவியலில் ஓர் அடித்தளம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் தொழில் தேர்வைப் பற்றிய தம் கோட்பாட்டை முன்வைத்தார். மனிதர்களின் நாட்டத்தை ஆறு வகையாக அவர் பிரித்தார். ஒழுங்கு, விதி, நுணுக்கம் ஆகியவற்றை நாடும் வகைக்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு கணக்கர். பெஞ்சமின் ஷ்னைடர் 1987-இல் இதை நிறுவனங்களுக்கு விரித்தார். ஒரு வேலை சிலரை ஈர்க்கிறது, நிறுவனம் அவர்களிலும் சிலரைத் தேர்ந்தெடுக்கிறது, ஒத்துவராதவர்கள் விலகிப்போகிறார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

இந்த விடையில் இரண்டு பலவீனங்கள் தெரிகின்றன. ஒழுங்கை விரும்புவது ஓர் இயல்பு, மனிதரைத் தவிர்ப்பது வேறோர் இயல்பு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. டான் டிகோஸ்டர், ஜான் கிராண்ட் ரோட் இருவரும் 1971-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. கணக்கர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்துப் பார்த்தபோது, குளிர்ந்தவர், ஒதுங்கியவர், அடங்கிப்போகிறவர் என்ற பொதுப் படத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டில், ஒரு காலத்தில் செய்த சோதனையை எல்லோருக்கும் பொதுவாக்குவதும் பிழையாகலாம்.

இரண்டாவது பலவீனம் நம் சூழலுக்கு உரியது. மனிதர் தம் இயல்புக்கேற்ற தொழிலைத் தேடிப்போகிறார் என்று இந்தக் கோட்பாடு கருதுகிறது. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் என்பது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும், பக்கத்துப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறது என்பதையும் பொறுத்தே முடிவாகிறது. வணிகவியல் குரூப்பில் சேர்ந்து, பி.காம். முடித்து, டேலி கணக்கு மென்பொருள் கற்று ஒரு கடையிலோ தணிக்கையாளர் அலுவலகத்திலோ உட்காரும் இளைஞரின் பாதையில் குடும்ப நிலைக்கும் கட்டணத்துக்கும் பேருந்து வசதிக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே இயல்பு எவ்வளவு தூரம் தேர்ந்தெடுத்தது என்று சொல்வது கடினம்.

இரண்டாம் விடை: வேலை ஆளை ஆக்குகிறது

சமூகவியலாளர்கள் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். ராபர்ட் மெர்ட்டன் 1940-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அலுவலக அமைப்பு அதில் வேலை செய்பவரின் குணத்தை எப்படி மாற்றுகிறது என்று விவரித்தது. விதியைப் பின்பற்றும்படி நெடுநாள் பழக்கப்பட்டவர், விதி எதற்காக வந்ததோ அதை மறந்து விதியையே நோக்கமாகக் கொள்கிறார் என்பது அதன் சாரம். இந்தப் பார்வையில், கணக்கரின் விறைப்பு பிறவியில் வந்தது ஆகாது. நாற்காலி தந்தது.

இந்தியச் சட்டங்களைப் பார்த்தால் இந்த வாதத்துக்கு வலுவான சான்று கிடைக்கிறது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் அவர் விவரங்களை வெளியிடுவதைத் தொழில்சார் முறைகேடாக வைத்திருக்கிறது. விளம்பரம், சுற்றறிக்கை, நேரில் கேட்பது போன்ற வழிகளில் வேலை தேடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. வேறு பல தொழில்களில் உள்ளவர் தம் வேலையைப் பற்றிக் கதை சொல்லலாம், தம்மைத் தாமே விற்கலாம். தணிக்கையாளர் இரண்டையும் செய்ய முடியாது. ஊர்ப் பொது இடத்தில் அவர் வாய் திறக்காமல் இருப்பதற்குக் கூச்சத்தைக் காரணமாகச் சொல்லும் முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் குறிப்பிட்ட வகை நிறுவனங்களிலும் தனிநபர் தணிக்கையாளர் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும், தணிக்கை நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு மேலும் தொடர்ந்து பணியாற்ற முடியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. அமெரிக்க நிறுவனமான என்ரான் 2001-இல் சரிந்தபோது, அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் அதே நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்து, அதற்கு முந்தைய ஆண்டில் தணிக்கைக் கட்டணத்தைவிட அதிகமாக ஆலோசனைக் கட்டணம் பெற்றது தெரியவந்தது. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்தபோது தணிக்கையாளரின் நெருக்கத்தைப் பற்றிய கேள்வி இந்தியாவிலும் எழுந்தது. தணிக்கையாளர் அதிகமாகப் பழகிவிடுவார் என்று சட்டம் அஞ்சுகிறது. சமூகமோ அவருக்குப் பழகவே தெரியாது என்று சொல்கிறது.

இந்த விடைக்கும் எல்லை உண்டு. தணிக்கையின் பெரும்பகுதி பேச்சுதான். இருப்பு எங்கே குறைந்தது, இந்த ரசீதில் கையெழுத்து யாருடையது, பாக்கி ஏன் வசூலாகவில்லை என்று கிடங்குப் பொறுப்பாளர் முதல் முதலாளி வரை எல்லோரிடமும் கேட்டுத்தான் உண்மையை எட்ட முடியும். தணிக்கைத் தரநிலைகள் இவ்விசாரணையைக் கட்டாயமாக்குகின்றன. எதிராளியைக் குற்றவாளியாக உணரவைக்காமல் கடினமான கேள்வியைக் கேட்பது உயர்ந்த வகைப் பழகுதிறன். வேலை ஆளை மாற்றுகிறது என்றால், அது வாயை அடைப்பது போலவே காதைக் கூர்மையாக்கவும் வேண்டுமே.

மூன்றாம் விடை: படம் வெளியிலிருந்து வருகிறது

மூன்றாவது அணி, கணக்கரை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பவர்களை ஆராய்ந்தது. டோனி டிம்னிக், சாண்ட்ரா ஃபெல்டன் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இருபதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் திரையிடப்பட்ட 121 படங்களில் வரும் கணக்கர் பாத்திரங்களை அலசினார்கள். கனவு காண்பவர், உழைத்துத் தேய்பவர், விசித்திரமானவர், வீரர், வில்லன் என ஐந்து வகை அவர்களுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு அச்சு இல்லை என்பது முக்கியமான முடிவு. ஆனால் மக்கள் நினைவில் தங்குவது பெரும்பாலும் ஒரே வகை. பிரிட்டனில் 1969-இல் மாண்டி பைத்தான் குழுவினர் தொலைக்காட்சியில் காட்டிய, சிங்கம் பழக்க ஆசைப்படும் சலிப்பூட்டும் கணக்கர், இன்றுவரை அத்தொழிலைத் துரத்திவருகிறார்.

இந்தியத் திரையில் ஒரு கூர்மையான எடுத்துக்காட்டு 1979-இல் வந்த இந்திப் படமான ‘கோல்மால்’. அதன் நாயகன் கணக்குப் படித்தவன். பாட்டும் விளையாட்டும் பிடித்தவன். ஆனால் வேலை தரும் முதலாளி மீசை வைத்த, விளையாட்டு வாடையே இல்லாத, அடக்கமான இளைஞனைத்தான் விரும்புகிறார். அதனால் நாயகன் அப்படி ஒருவனாக நடிக்கிறான். இதையே கே. பாலசந்தர் 1981-இல் ‘தில்லு முல்லு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். கலகலப்பான இளைஞன் வேலைக்காக அடக்கமானவனாக வேடம் போடுவதைத் தமிழ் ரசிகர்கள் ரஜினிகாந்தின் நடிப்பில் கண்டு சிரித்தார்கள். முன்முடிவு எப்படித் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது. வேலை கொடுப்பவர் எதிர்பார்க்கும் முகத்தை வேலை தேடுபவர் அணிந்துகொள்கிறார். பிறகு அந்த முகமே சான்றாகிறது.

பிலிப் பூகன் 1994-இல் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். எந்தக் குணங்களை வைத்துக் கணக்கரைக் கேலி செய்கிறோமோ, அந்த நிதானமும் எச்சரிக்கையுமே அவர்மீதான நம்பிக்கைக்கும் அடிப்படை என்றார் அவர். கேலிக்கு உரிய படத்தைத் தொழிலே முழுதாகக் கைவிட விரும்பாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இந்த விடையின் குறை, பார்ப்பவர்மீது எல்லாப் பொறுப்பையும் போட்டுவிடுவது. கணக்கு அலுவலகத்தில் ஏழைக்கும் படிக்காதவருக்கும் கிடைக்கும் வறண்ட பதில் கற்பனை இல்லை. அதை வெறும் திரைப்படத் தாக்கம் என்று தள்ளிவிட முடியாது.

பாராமகால் தந்த படம்

மேற்கண்ட மூன்று விடைகளும் மேலை நாட்டு அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுந்தவை. தமிழ்நாட்டின் பழைய கணக்கர் அவற்றுள் அடங்குவதில்லை. காரிமங்கலம் அமைந்த நிலப்பகுதிக்கு இதில் தனி இடம் உண்டு.

1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு, பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு அதன் பொறுப்பாளர் ஆனார். தாமஸ் மன்றோ உள்ளிட்டோர் அவருக்கு உதவியாளர்கள். மன்றோ தருமபுரியில் தங்கி வேலை செய்தார். நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவரிடமும் நேராக வரி தீர்க்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. அந்த முறைக்கு ஒவ்வொரு உழவரின் பெயரிலும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு கர்ணத்தின் ஓலையிலும் நினைவிலும் இருந்தது. புதிய அரசு அவரை நம்பியே இயங்க வேண்டியிருந்தது, அதேசமயம் அவரைச் சந்தேகித்தது.

இந்தச் சந்தேகம் வெறும் மனப்பான்மை இல்லை என்பதை ராபர்ட் ஃப்ரிக்கன்பர்க் 1965-இல் குண்டூர் மாவட்டத்தைப் பற்றி எழுதிய நூல் காட்டியது. ஊர்க் கணக்கர்களும் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்தின் அலுவலர்களும் உறவாலும் நட்பாலும் பின்னிக்கொண்டு, மேலே போகும் தகவலைத் தாங்கள் விரும்பியபடி வடிவமைத்தார்கள் என்று அவர் விளக்கினார். பவானி ராமன் 2012-இல் எழுதிய நூல், கம்பெனிக் கச்சேரியின் எழுத்தர் உலகத்தைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரித்துப் பார்த்தது. வேல்செரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 2001-இல் வேறொரு கோணத்தைத் திறந்தார்கள். தென்னிந்தியக் கர்ணங்கள் பல மொழி அறிந்தவர்கள், வரலாறு எழுதியவர்கள், அரசியல் நுணுக்கம் தெரிந்தவர்கள் என்று அவர்கள் வாதிட்டார்கள். இந்த ஆய்வாளர்கள் எவரும் பழகத் தெரியாத கணக்கரைக் கண்டதாகச் சொல்லவில்லை.

செட்டிநாட்டு நகரத்தார் மரபும் இதற்கு அருகில் நிற்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் நடத்திய வட்டிக்கடைகளில் சிறுவன் பெட்டியடியில் உட்கார்ந்து வேலை கற்றான். பிறகு அடுத்தாள் ஆனான். திறமை இருந்தால் முகவர் ஆனான். சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் கற்ற அதே இடத்தில், கடன் கேட்டு வருகிறவரின் நாணயத்தை எடைபோடவும் கற்றான். அங்கே கணக்கறிவும் ஆளறிவும் ஒரே படிப்பு.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளையோ தொழிலாளர் நினைவில் அதிகாரத்தின் முகமாக நிலைத்தார். அவர் ஏட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைய கூலி என்ற நிலையில், அவர் கூச்சமுள்ளவரா கலகலப்பானவரா என்று யாரும் கேட்டிருக்க முடியாது.

ஆகவே பழைய தமிழ்ப் படத்தில் கணக்கரின் குறை பழகத் தெரியாமை ஆகாது. தம் பழக்கத்தை யாருக்காகப் பயன்படுத்துகிறார் என்பதே குற்றச்சாட்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசுப் பணத்தைக் கையாடும் 40 வழிகளைப் பட்டியலிட்டதும் இதே அச்சத்தின் வெளிப்பாடுதான். தமிழ்நாடு அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் பதவியைக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதை ஏற்றது. ஊரோடு தலைமுறையாகப் பின்னியிருந்த கணக்கரின் இடத்துக்குத் தேர்வு எழுதி வந்த, இடமாற்றத்துக்கு உட்பட்ட அலுவலர் வந்தார். பழக்கம் குறைந்தது, சமத்துவம் கூடியது என்று இதை மதிப்பிடுவோர் உண்டு. ஊரை அறிந்த ஆள் போய்விட்டார் என்று வருந்துவோரும் உண்டு.

விதிவிலக்குகள் என்ன நிரூபிக்கின்றன?

முன்முடிவை மறுக்க விரும்புவோர் தனிமனிதர்களைச் சுட்டுவது வழக்கம். தமிழரிடையே அப்படிச் சுட்டத் தக்கவர்கள் குறைவில்லை. சீனிவாச ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தரானபோது, அங்கே பொறுப்பிலிருந்த எஸ். நாராயண ஐயர்தான் அவர் மேதைமையை உணர்ந்து, துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் எடுத்துச்சொல்லி, வெளியுலகத்தோடு இணைத்தவர்களில் முதன்மையானவர். இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் ஆர். சிவபோகம், சமூகச் சீர்திருத்தவாதி சகோதரி சுப்புலட்சுமியின் மாணவி. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல் கணக்கியல் தேர்வில் வென்று, 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார். இலங்கையில் பட்டயக் கணக்காளரான அ. முத்துலிங்கத்தை வாசகர்கள் சிறுகதையாசிரியராக அறிவார்கள். மனிதரைக் கூர்ந்து கவனிப்பதில் அவருக்கு இணையானவர்கள் சமகாலத் தமிழில் சிலரே.

இவர்கள் பெருமைக்கு உரியவர்கள். ஆனால் தருக்க நோக்கில் இவர்களால் ஒன்றுதான் நிறுவப்படுகிறது: கணக்கும் மனிதப் பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும். பெரும்பான்மை எப்படி என்பதற்கு இந்தப் பெயர்கள் விடை ஆகா.

உரக்கப் படிக்கப்படும் கணக்கு

கேள்வியையே வேறு இடத்துக்கு நகர்த்தும் சான்று ஒன்று தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியது இங்கேதான். அன்றைய தருமபுரி மாவட்டத்தில் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அடங்கியிருந்தது. குழுவில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் இருப்பார்கள். தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு ஆகியவை எழுதப்படும். யார் எவ்வளவு சேமித்தார், யார் தவணை பாக்கி என்பது கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லப்படும். கணக்கு எழுதுகிறவர் மற்ற உறுப்பினர்களைப் போலவே அதே தெருவில் வாழ்கிறவர். பாக்கி வைத்தவரை அவமதிக்காமல், அதேசமயம் மழுப்பாமல் கணக்கைச் சொல்வது அவர் வேலை. எழுதும் திறனும் பேசும் திறனும் இங்கே பிரிய வழியில்லை.

இந்த ஏற்பாட்டுக்குத் தொலைவான ஒரு முன்னோடி உத்தரமேரூரில் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே ஊர்க் கணக்கு எழுதுவோருக்கும் விதி வைத்தது. எழுதியவர் தாமே கணக்கைக் காட்டி, நேர்மையானவர் என்று ஏற்கப்படும்வரை மீண்டும் அப்பணிக்கு வர முடியாது. அவர் எழுதிய கணக்கை இன்னொருவர் புகுந்து முடிக்கவும் கூடாது. கணக்கரின் குணத்தைப் பற்றி அந்த ஊர்ச்சபை ஊகிக்கவில்லை. அவர் முன்னால் நின்று விளக்கியாக வேண்டும் என்பதை மட்டும் உறுதிசெய்தது.

எந்த மரபும் குறையற்றது இல்லை. உத்தரமேரூர்ச் சபை எல்லோருக்கும் திறந்த அவை இல்லை. சுயஉதவிக் குழுக்களிலும் எழுதத் தெரிந்த ஒருவரையே மற்றவர்கள் சார்ந்திருக்கும் நிலை உருவாகலாம். அப்போது பழைய கர்ணத்தின் நிழல் அங்கேயும் விழும்.

மதிப்பீடு

மூன்று விடைகளும் பகுதி உண்மை கொண்டவை. இயல்பு ஓரளவு தேர்ந்தெடுக்கிறது, வேலையும் சட்டமும் ஓரளவு செதுக்குகின்றன, பார்ப்பவரின் எதிர்பார்ப்பு மீதியை நிரப்புகிறது. ஆனால் மூன்றுமே கணக்கரைத் தனியாளாக வைத்துப் பார்க்கின்றன. தமிழ்நாட்டுச் சான்றுகள் வேறொன்றைக் காட்டுவதாகத் தோன்றுகிறது. கணக்கரைப் பற்றிய படம், கணக்குக்கும் அதில் பெயர் இருப்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்து மாறுகிறது. கணக்கை மக்கள் பார்க்க முடியாதபோது, ஊருக்குள் வாழும் கணக்கர் சூழ்ச்சிக்காரர் ஆகிறார், அலுவலகத்துக்குள் இருக்கும் கணக்கர் ஊமை ஆகிறார். கணக்கு உரக்கப் படிக்கப்படும் இடத்தில் இரண்டு படங்களுக்கும் வலிமை குறைகிறது.

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. மேலை நாட்டு ஆளுமைச் சோதனைகள் தமிழ்ச் சூழலில் எவ்வளவு செல்லும் என்பது ஒன்று. பட்டயக் கணக்காளர் மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட தகவல்தொடர்புப் பயிற்சிகள் பழக்கத்தை மாற்றுகின்றனவா, நேர்காணல் பேச்சை மட்டும் மெருகேற்றுகின்றனவா என்பது இன்னொன்று. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் சிறு வணிகர்களுக்கும் கணினி வழித் தாக்கல் வழக்கமாகிவிட்டது. கூட்டலும் கழித்தலும் மென்பொருளின் வேலையானால், கணக்கரிடம் மிஞ்சுவது விளக்கிச் சொல்லும் பணிதான் என்ற வாதம் கவர்ச்சியானது. அது உண்மையாகுமா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும்.

இவற்றை ஆராய்வதற்குக் காரிமங்கலம் போன்ற வட்டங்கள் பொருத்தமானவை. வாரச்சந்தைத் தரகர், கூட்டுறவுச் சங்கச் செயலர், குழுவின் ஊக்குநர், வரி ஆலோசகர், கிராம நிர்வாக அலுவலர் என ஐந்து வகைக் கணக்கர்கள் இங்கே ஒரே மக்களோடு பழகுகிறார்கள். ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. அங்கே மக்கள் மனுவோடு வருகிறார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள வணிகவியல் துறைகள் மேலை நாட்டு வினாத்தாளை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், இந்த ஐவரின் அன்றாடப் பேச்சை நேரில் பதிவுசெய்து ஆராய வேண்டும். அந்த வேலை நடக்கும்வரை, கணக்கருக்குப் பேசத் தெரியாது என்று சொல்பவர் தம் கணக்கைக் கடைசியாக எப்போது கேட்டுப் பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.